மூன்றே நாளில் மட்கும்

"மண்ணில் பட்டால் மூன்றே நாளில் மட்கும், உண்ணவும் உகந்தது" என்று அச்சிட்ட பார்சல் டப்பாக்களைப் பத்து வருஷமாகச் சோற்றோடு சேர்த்தே தின்று, 'பசுமைச் செம்மல்' பட்டம் வாங்கியவர் அருளானந்தம். தோட்டத்து மண்ணில் அவருடைய கால் சுண்டுவிரல் உதிர்ந்த நாளிலிருந்து, மனைவி ரெஜினா அவர் கால்களில் பிளாஸ்டிக் பையைக் கட்டித்தான் வெளியே விடுவாள்.

மரம் நடும் விழாவுக்கு அமைச்சர் வந்ததும் அருளானந்தம் பைகளை அவிழ்த்தார்.

"வேண்டாங்க, கீழே மண்ணு!"

"அமைச்சர் முன்னாடி பிளாஸ்டிக்கோட நிக்கச் சொல்றியா? மானம் போயிடும்டி."

வெறுங்காலோடு இறங்கி, கன்றை நட்டு, புகைப்படத்துக்குச் சிரித்தார். கைதட்டல் ஓய்ந்தும் நகரவில்லை.

"குளுகுளுன்னு இருக்கு ரெஜினா," என்றார். முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை.

நாலாம் நாள் கன்றைப் பார்க்க வந்த அதிகாரி அசந்துபோனார். "என்னம்மா உரம் போட்டீங்க?"

ரெஜினா குனிந்து, மட்காமல் கிடந்த மூக்குக்கண்ணாடியை எடுத்துப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டாள்.