ஏழு பேருக்கு ஒரு வண்டி

“ஏழு பேரு போற மாதிரி வண்டி ரெண்டு நாளைக்கு வேணும்ண்ணே. போடிமெட்டுக்கு மேல எஸ்டேட்டுல கூடாரம் போட்டுத் தங்கப் போறாங்க,” என்றாள் சுகன்யா போனில்.

“யார் யாரு?” என்று கேட்டார் வாடகை வண்டிக்காரர் முத்துக்கிருஷ்ணன்.

“எங்க ஆ... கூட்டாளிகளும்...” அவள் சொன்னது சிக்னல் கிடைக்காமல் விட்டுவிட்டுக் கேட்டது. “...ஏழு பேரும் பொம்பளைக.”

கல்லூரிப் பெண்கள் என்று நினைத்துக்கொண்டார். அவர் மகளும் கல்லூரியில்தான் படிக்கிறாள். “வீட்ல சம்மதிச்சாங்களா?”

“மொதல்ல மாட்டேன்னாங்க. ரெண்டு நாள் சாப்பிடாம அடம்புடிச்சுல்ல சம்மதிக்க வச்சாங்க!”

“அப்ப வண்டிய நானே ஓட்டுறேன். வீட்டாளுக நேர்ல வந்து விட்டுட்டுப் போகணும்,” என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையில் போடி பஸ் ஸ்டாண்டில் அவர் திகைத்து நின்றார். காத்திருந்த ஏழு பேருக்கும் அறுபது வயதுக்கு மேல். வழியனுப்ப வந்திருந்தவர்கள் மகன்களும் மருமகள்களும்.

“நாப்பது வருசமா ஜீப்புல நெருக்கியடிச்சு ஏலக்கா எடுக்கப் போனோம் தம்பி,” என்றாள் சுகன்யாவின் அம்மா பெரியம்மாள். “ஒருநாளும் அந்த மலைய நிமிந்து பாக்க நேரமில்ல.”

அவர் வண்டிக் கதவைத் திறந்துவிட்டார்.

“சன்னலோரம் எனக்குத்தான்டி!” என்று முதல் ஆளாக ஏறினாள் பெரியம்மாள்.