மூன்றாவது கேள்வி

“சத்தமா சொல்லு. அங்க இருக்கறவருக்குக் காது மந்தம்னு வெச்சுக்கோ.”

“தெருக்குழாய்லதான் எடுத்தேன். ரெண்டு நிமிஷம் தண்ணிய ஓடவிட்டு, அப்புறம் பாட்டில்ல பிடிச்சேன்.”

அண்ணன் தலையாட்டினான். அவன் மடியில் என் கைப்பை. அறுந்த வாரைத் தைத்துக்கொண்டே விசாரணை அதிகாரியாகவும் நடித்துக்கொண்டிருந்தான்.

“பை தைக்கிற அதிகாரியை இன்னைக்குத்தான் பார்க்கறேன்.”

“சிரிக்காதே. பத்து மணிக்கு விசாரணைக்குக் கூப்பிட்டுடுவாங்க. ரெண்டாவது கேள்வி. உனக்கு என்ன உத்தரவு வந்தது?”

குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு ஏழு வருட வேலை. தெருத்தெருவாகப் போய்க் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வந்து சோதிப்பேன். அந்த வாரம் மட்டும் ஒரு சீட்டு வந்தது. தெருக்களுக்குப் போக வேண்டாம். அலுவலக வடிகட்டியிலேயே எல்லாப் பாட்டில்களையும் நிரப்பி, தெருப் பெயர்களை ஒட்டிவிடவும்.

நான் தெருக்களுக்குப் போனேன்.

தண்ணீரில் கிருமி இருந்தது. முடிவை அலுவலகத்தில் யாரிடமும் காட்டாமல் நேராகச் சுகாதாரத் துறைக்கு அனுப்பினேன். அதற்குள் அந்தத் தண்ணீரைக் குடித்த பதினோரு குழந்தைகள் மருத்துவமனையில் இருந்தார்கள். மறுநாள் குழாய்களை மூடினார்கள். பன்னிரண்டாவது குழந்தை வரவில்லை.

சீட்டில் இருந்ததை வார்த்தை மாறாமல் ஒப்பித்தேன்.

அண்ணன் நூலைப் பல்லால் கடித்து அறுத்தான். வாரை இரண்டு முறை இழுத்துப் பார்த்தான்.

“மூணாவது கேள்வி. சீட்டுல இருக்கற கையெழுத்து யாரோடது?”

“மேலதிகாரியோடது.”

“அப்படிச் சொன்னா எழுதிக்க மாட்டாங்க. பேர் வேணும்.”

பையைத் திறந்தேன். சீட்டு பத்திரமாக இருந்தது. வலப்பக்கம் சாய்ந்து ஓடும் எழுத்து. பள்ளிக்கூடம் திறக்கும் முன் என் நோட்டுகளுக்கெல்லாம் அட்டை போட்டு, என் பெயரை எழுதித் தந்த அதே எழுத்து.

“உனக்கும் மேலேர்ந்துதானே சொன்னாங்க?”

“அது நான் சொல்லிக்க வேண்டிய பதில். உன்னோடது இல்ல.”

“அண்ணா…”

“அண்ணான்னு சொன்னாலும் எழுதிக்க மாட்டாங்க.”

பிறந்ததிலிருந்து அவனை நான் வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.

அவன் எழுந்து வந்து பையை என் தோளில் மாட்டினான். வார் முறுக்கிக்கொண்டிருந்த இடத்தை விரலால் நேராக்கினான்.

“இங்கயே ஒரு தடவை சொல்லிப் பழகிக்கோ. அங்க போய்த் திக்கக் கூடாது. என் பேரைச் சொல்லு, பாப்பா.”