பந்திக்கு வராதவள்

"அந்தம்மாவை இனிமே ஞாயிறு பள்ளியில விடக் கூடாது பாஸ்டர்" என்று ஆரம்பித்தார் சபைச் செயலர்.

ஆராதனை முடிந்து பாஸ்டர் அங்கியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். "எந்த அம்மாவை?"

"தையல்கடை அம்மாவைத்தான். திருவிருந்துன்னா அப்பம் வாங்க எல்லாரும் எழுந்து முன்னால வர்றோம். அது மட்டும் பெஞ்சை விட்டு அசையறதில்லை. நம்ம சபைக்கு வந்த நாளா இதே கதை. மனசுல ஏதோ பாவத்தை மூடி வச்சிருக்கு. அது போய்ப் பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்றதா?"

செயலர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சபையைப் பார்ப்பவர். யார் தாமதம், யார் கொட்டாவி, யார் பாட்டுக்கு வாயை மட்டும் அசைக்கிறார்கள், எல்லாம் அவருக்கு அத்துப்படி. முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'ரூல்தடி' என்று பேர். அதுவும் தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட.

"நீங்களே போய்க் கேட்டுப் பாருங்களேன்" என்றார் பாஸ்டர். "அப்புறம் முடிவு பண்ணலாம்."

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் செயலர் தையல்கடைக்குள் நுழைந்தார். கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு ஏதோ சீருடைக்கு விளிம்பு மடித்துக்கொண்டிருந்தவள் எழுந்துகொண்டாள்.

"வாங்க சார். சட்டைக்கு அளவு கொடுக்கணுமா?"

"உன்னைத்தாம்மா அளவெடுக்க வந்தேன். நேராவே கேக்கறேன். திருவிருந்துக்கு நீ ஏன் வர்றதில்லை? நீ சொல்ற பதிலை வச்சுத்தான் ஞாயிறு பள்ளி."

அவள் முகம் வெளுத்துவிட்டது.

"பிள்ளைங்களை மட்டும் எங்கிட்டேயிருந்து எடுத்துடாதீங்க சார். வாரம் பூரா நான் மெஷின் மிதிக்கிற மிதிக்கு அதுங்க முகம்தான் தெம்பு."

"அப்போ சொல்லு."

"எனக்கு ஒருத்தர் மேல தீராத கோபம் சார். அதை உள்ள வச்சுக்கிட்டு, கையை நீட்டி அந்த அப்பத்தை எப்படி வாங்கறது? ஒவ்வொரு தடவையும் எழுந்திரிக்கப் பார்ப்பேன். கால் வராது. 'ஆண்டவரே, இதை எடுத்துப் போடுங்க'ன்னு கேட்டுக்கிட்டு அங்கேயே உக்காந்திருப்பேன்."

செயலர் இதை எதிர்பார்க்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்படி என்னம்மா செஞ்சாங்க?"

"எனக்கு ஒரு தங்கச்சி. நான் வெளியூர்ல வாழ்க்கைப்பட்டுப் போன புதுசுல ஒருத்தன் அவளை ஏமாத்திட்டுப் போயிட்டான். வயித்துல பிள்ளை. கடவுளாவது மன்னிப்பாருன்னு அழுதுகிட்டே திருவிருந்துப் பந்திக்குப் போயிருக்கா. சபைப் பெரியவர் ஒருத்தர் எல்லாரும் பார்க்க, 'உனக்கெல்லாம் இங்க இடமில்லை, எழுந்திரு'ன்னுட்டார். அன்னைக்கு எழுந்தவதான். அந்தப் பிள்ளை வளர்ந்து காலேஜ் போகுது, அவ இன்னும் எந்தச் சர்ச் வாசலையும் மிதிக்கல."

செயலருக்கு முகம் சிவந்துவிட்டது.

"மனுஷனா அவன்? அழுதுக்கிட்டு வந்த பொண்ணை விரட்ட அவன் யாரு? பந்தி என்ன அவன் அப்பன் வீட்டுச் சொத்தா? எனக்கும் பொண்ணு இருக்கும்மா. வயிறு எரியுது. அந்தப் படுபாவியைத்தான் முதல்ல பந்தியிலேர்ந்து எழுப்பணும்!"

"ஐயையோ, வேண்டாம் சார்!" என்று பதறினாள் அவள். "அவரை எழுப்பாதீங்க. அவரும் வாங்கிக்கட்டும்."

"யாருன்னு மட்டும் சொல்லு. இழுத்துக்கிட்டு வந்து உன் முன்னாடி நிறுத்தறேன். மன்னிப்புக் கேக்காம விடமாட்டேன்."

பேசும்போதே அவருக்குக் குரல் உடைந்தது. கைக்குட்டையைத் தேடினார், கிடைக்கவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மேஜையில் கிடந்த வெட்டுத்துணி ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"சுத்தமான துணிதான் சார், துடைச்சுக்குங்க. டீ சொல்றேன்."

எவ்வளவு கேட்டும் பேரை மட்டும் சொல்லவில்லை.

மறுநாளே செயலர் பாஸ்டரிடம் போனார். "தங்கமான பொம்பளை பாஸ்டர். நான்தான் அவசரப்பட்டுட்டேன். பிள்ளைங்க அதுகிட்டயே இருக்கட்டும்."

அடுத்த திருவிருந்து நாள். செயலர் முழங்காலிட்டுக் கண்ணை மூடியிருந்தார். பக்கத்தில் புடவை சரசரக்கும் சத்தம். ஓரக்கண்ணால் பார்த்தார். தையல்கடை அம்மா. கைகளை நீட்டினாள். அப்பத்தை வாங்கிக்கொண்டாள்.

செயலருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆராதனை முடிந்ததும் படிக்கட்டிலேயே அவளைப் பிடித்துவிட்டார்.

"பார்த்தேம்மா! மனசு நிறைஞ்சு போச்சு."

"எனக்கும்தான் சார். தங்கச்சிகிட்ட போன்ல சொன்னேன். ஒரே அழுகை. அடுத்த தடவை என்கூடப் பந்திக்கு வர்றேன்னா."

"ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்! அப்போ அந்த ஆளு வந்து மன்னிப்புக் கேட்டுட்டானா?"

"இல்ல சார். அவருக்கு அது ஞாபகமே இல்லை."

"பின்ன எப்படிம்மா உன் கோபம் போச்சு?"

அவள் சிரித்தாள். கண் மட்டும் கலங்கியிருந்தது.

"அன்னைக்குச் செவ்வாய்க்கிழமை அவரே கடைக்கு வந்தாரு சார். என் தங்கச்சிக்காக அந்த ஆளைத் திட்டு திட்டுன்னு திட்டி, அழுதும் தீர்த்துட்டாரு. அதுக்கு மேல நான் கோபப்பட என்ன சார் இருக்கு?"