ஊதியூருக்கு அடுத்த மலை

சாமி கும்பிட்டாயிற்று. இறங்கலாம் என்று ஆத்தப்பன் படிக்கட்டுப் பக்கம் திரும்பினான். அவன் மனைவி முத்தாத்தாளோ கோயிலுக்குப் பின்னால் மேலே போகும் ஒற்றையடித் தடத்தில் ஏறத் தொடங்கியிருந்தாள்.

எல்லா மலையிலும் அவள் இப்படித்தான். கோயிலோடு நிற்க மாட்டாள். உச்சிப் பாறையில் கால் வைத்தால்தான் அந்த மலை கணக்கில் சேரும்.

இது ஊதியூர் மலை. ஒன்பதாவது. கடைசி.

ஒன்பது மலைகளையும் விரல்விட்டுச் சொன்னவள் ஆத்தப்பனின் அம்மா பெரியாத்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் மருமகள் வயிறு திறக்கவில்லை. முருகன் குடியிருக்கும் மலையாகப் பார்த்து, கிருத்திகைக்குக் கிருத்திகை ஒன்றாக ஏறி வேண்டிக்கொள்ளச் சொன்னாள். ஒன்பதும் ஏறி ஒன்றும் நடக்கவில்லையென்றால் குண்டடத்தில் ஒரு பெண் இருக்கிறாள் என்பதையும் சேர்த்தே சொன்னாள். முத்தாத்தாளை எதிரில் உட்கார வைத்துக்கொண்டே சொன்னாள்.

முதலில் ஏறிய அலகுமலையில், மலை என்று சொல்லவே கூச்சப்படுகிற அந்தக் குன்றில், முத்தாத்தாள் மூச்சு வாங்கிப் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். மூன்றாவதாக மருதமலை போனபோது ஆத்தப்பன்தான் பின்தங்கினான். அதற்குப் பிறகு அடுத்த கிருத்திகை என்றைக்கு என்று காலண்டரைப் பார்த்துச் சொல்வதே அவள்தான்.

வீரபாண்டியில் அவர்களுடைய பனியன் கம்பெனி ஒரு தகரக் கொட்டகை. மெஷின் ஓடும் இரைச்சலில், குனிந்த தலை நிமிராமல் பனியனுக்குக் கழுத்தும் கையும் மடித்துத் தைத்துக்கொண்டிருப்பாள். அங்கிருந்து பார்த்தால் எதிர்ச் சுவர்தான் தெரியும்.

மலையில் அவள் வேறு ஆள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, எந்தப் பாறை வழுக்கும், எந்த வேரைப் பிடிக்கலாம் என்று பார்த்துப் பார்த்துப் போனாள்.

பின்னால் போன ஆத்தப்பனுக்குத்தான் கால் ஓடவில்லை. நேற்று அம்மா சலவை வேட்டியை எடுத்து வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை குண்டடம் போகிறோம் என்றாள்.  அம்மாவிடம் இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாத வாய் அவனுடையது. கிணற்றோடு இருந்த காட்டு நிலத்தை விற்று மெஷின் வாங்கியதுகூட அம்மா சொல்லித்தான்.

உச்சிக்கு வந்துவிட்டார்கள்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆளைத் தள்ளியது. முத்தாத்தாள் பாறையில் காலை அகட்டி நின்றுகொண்டு, கையை நீட்டி ஒவ்வொன்றாகக் காட்டினாள். அதோ சிவன்மலை. அதற்குப் பின்னால் மங்கலாகச் சென்னிமலை. கிழக்கே போன மாதம் ஏறிய வட்டமலை. சொந்தக்காரர்களை அடையாளம் சொல்வது போலச் சொன்னாள்.

ஆத்தப்பனுக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"குண்டடத்துக்கு நான் போகப் போறதில்ல, முத்தா. இன்னிக்கே அம்மாகிட்டச் சொல்லிப்போடறேன். புள்ள இல்லாட்டிப் போகுது. நீ இருந்தாப் போதும் எனக்கு."

சொல்லி முடித்தபோது அவனுக்கு வேர்த்திருந்தது.

முத்தாத்தாள் அவனையே பார்த்தாள். காற்றில் பறந்த முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். பிறகு தென்மேற்கே திரும்பி, வானத்தோடு ஒட்டிக்கொண்டு நீலமாகக் கிடந்த ஆனைமலைத் தொடரைக் காட்டினாள்.

"அடுத்தது அதுங்க."

"அந்த உச்சியில கோயிலேது புள்ள? யாருகிட்டப் போயி வேண்டறது?"

"வேண்டறதுக்கு என்னங்க இருக்குது? சிவன்மலை ஏறயிலயே எனக்கு நாள் தள்ளிப் போயிருந்துச்சுங்க."

காற்றில் சரியாகக் கேட்டதா என்று ஆத்தப்பனுக்குச் சந்தேகம்.

சிவன்மலைக்குப் பிறகும் மாதாமாதம் அவள் தூரமென்று சொல்லிப் புறக்கடை ஓலைச் சாளையில் ஒதுங்கி உட்கார்ந்ததை அவன் பார்த்திருக்கிறான். தனித் தட்டு, தனிப் பாய். அம்மா தண்ணீர்ச் சொம்பை எட்ட வைத்துவிட்டுப் பெருமூச்சு விடுவாள். அந்தப் பெருமூச்சு ஒவ்வொன்றும் அவனைக் குண்டடத்துக்குப் பக்கமாகத் தள்ளியிருந்தது.

"அப்ப ஒதுங்கி உட்கார்ந்ததெல்லாம்?"

"சும்மாதானுங்க."

"எதுக்கு முத்தா? ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"உங்ககிட்டச் சொன்னா அன்னிக்கே அத்தைகிட்டச் சொல்லிப்போடுவீங்க. உண்டானவ மலையேறக் கூடாதுன்னு அவங்க வாசப்படி தாண்ட உட்டிருப்பாங்களா?" அவள் நிதானமாகத்தான் சொன்னாள். "இன்னும் மூணு மலை பாக்கி கெடந்துச்சுங்களே."

ஆத்தப்பனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கியவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கி அடங்கும்வரை அவள் காத்திருந்தாள்.

துண்டை எடுத்ததும் அவன் பதறினான். "மொதல்ல கையக் குடு. மெல்ல எறங்கோணும்."

அவள் கையைக் கொடுக்கவில்லை. கண் இன்னும் ஆனைமலையில் இருந்தது. உடுமலைப் பக்கமிருந்து ஏறுவதா, பொள்ளாச்சிப் பக்கமிருந்தா என்று அளந்துகொண்டிருந்தாள்.

"கைக்கொழந்தைய வெச்சுக்கிட்டு அத்தாம்பெரிய மலைய எப்படிப் புள்ள ஏறுவே?"

"கொழந்தைய நீங்க தூக்கிக்குங்க. நான் முன்னால தடம் பார்த்துட்டுப் போறனுங்க."

சொல்லிவிட்டு அவள் இறங்கத் தொடங்கினாள்.