மஞ்சள் யானை

"இந்த யானை வீட்டுக்குள்ள வரக் கூடாது, அண்ணி."

ஹாக்யோங் வாசலிலேயே மறித்துவிட்டாள். கணவனின் அக்கா மல்சுக், ஒரு கையில் கடற்பாசி சூப்பும் கக்கத்தில் மஞ்சள் துணி யானையுமாக, செருப்பைப் பாதி கழற்றியபடி நின்றாள்.

"சூப் வரலாமா, அதுக்கும் தடையா?"

"சூப் வரலாம்."

"பெரிய மனசு உனக்கு." யானையையும் சேர்த்து இடித்துக்கொண்டு மல்சுக் உள்ளே வந்துவிட்டாள். இஞ்சோன் நகரில் கோழி வறுவல் கடை நடத்துகிறவள். குடித்துவிட்டுத் தகராறு பண்ணுகிற ஆண்களையே வெளியே தள்ளிப் பழகிய தோள் அது. தம்பி பெண்டாட்டி எம்மாத்திரம்!

கூடத்தில் வெதுவெதுப்பான தரையில் ஒரு மெல்லிய மெத்தை. அதில் இரண்டு மாதக் குழந்தை ஆரின் படுத்திருந்தாள். பக்கத்துச் சுவரில் தரையோடு ஒட்டி ஒரு கண்ணாடி. மேலே, ஹாக்யோங் தானே வெட்டிக் கட்டிய கறுப்பு வெள்ளை அட்டைகள் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தன. அப்புறம் ஒரு மர வளையம், ஒரு சின்ன மணி. குழந்தையின் சொத்து அவ்வளவுதான்.

"என்னடி இது, இழவு வீடு மாதிரி கறுப்பும் வெள்ளையும்? கலர்ல ஒண்ணு வாங்க என் தம்பிகிட்ட வக்கில்லையா?"

"இந்த வயசுக் கண்ணுக்கு இதுதான் அண்ணி தெளிவாத் தெரியும். மான்டிசோரி முறை. ஒரு நேரத்துக்கு ஒரு பொருள். அவளாப் பாக்கணும், அவளாக் கேக்கணும்."

"அடுத்த மாசம் நீ வேலைக்குப் போயிடுவே. அந்த மான்டிசோரி அம்மாவா வந்து இவளைப் பாத்துக்கப் போறா? நான்தானே? கடைக்குப் பின்னாடி ரூம்ல படுக்க வச்சுட்டு நான் கோழி வறுக்கணும். இவ வீல்னு கத்தினா கட்டை வளையத்தை ஆட்டவா?"

மல்சுக் விடுவதாயில்லை. இந்த ஒரு மாதத்துக்குள் குழந்தையை யானைக்குப் பழக்கியே தீருவது என்று முடிவு கட்டித்தான் ரயில் ஏறியிருந்தாள்.

"என் ரெண்டு பசங்களையும் வளத்தது யாருங்கறே? இந்த யானைக்குள்ள பாடறாளே, அவதான். நான் எண்ணெய்ச் சட்டிகிட்ட வேகறப்போ அவதான் பாடித் தூங்க வச்சா. மகராசி எங்க இருக்காளோ! என்னிக்காவது கடைக்கு வந்தான்னா, ஆயுசுக்கும் அவளுக்குக் கோழி இலவசம்."

"பசங்க அவ முகத்தைப் பாத்திருக்காங்களா, அண்ணி?"

"முகம் எதுக்கு? குரல் போதாதா?"

"எனக்குப் போதாது. குரல் கேட்டா என் பொண்ணு திரும்பிப் பாக்கணும். பாத்தா அங்க ஒரு முகம் இருக்கணும்."

"அப்ப நீயே பாடேன்! குடும்பத்தோட கரோக்கே பாட்டுக் கூடத்துக்குப் போனாக்கூட மைக்கைத் தொட மாட்டே. மூலையில உக்காந்து கை தட்டிட்டு வருவே. உனக்கு அவ மாதிரி ஒரு குரல் இருந்தா நான் ஏன் யானையச் சுமந்துட்டு வரேன்?"

ஹாக்யோங் லேசாகச் சிரித்தாள். "நான் குளிச்சுட்டு வந்துடறேன். யானையைத் தொட வேண்டாம், அண்ணி."

"தொடலை, போ."

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் ஆரின் அழ ஆரம்பித்தாள். சொன்ன சொல்லுக்காக மல்சுக் மணியை ஆட்டினாள். வளையத்தைக் காட்டினாள். தோளில் போட்டு நடந்தாள். குழந்தை அழுது அழுது சிவந்துபோனது. மான்டிசோரியும் ஆச்சு, மண்ணாங்கட்டியும் ஆச்சு என்று குழந்தையை மெத்தையில் கிடத்திவிட்டு யானையின் காதை அழுத்தினாள்.

'நிலா குளிக்கப் போயாச்சு, நீயும் கண்ணை மூடிக்கோ...'

சட்டென்று அழுகை நின்றது. ஆரின் கண்ணை அகல விரித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எதையோ தேடினாள்.

ஈரத் தலையோடு ஹாக்யோங் ஓடி வந்தாள். "நிறுத்துங்க, அண்ணி!"

"பாத்தியா? முதல் அடியிலேயே அடங்கிட்டா!" மல்சுக்குக்குத் தலைகால் புரியவில்லை. "இதுவரைக்கும் கேட்டதே இல்லாத குரல். அதுக்கே இப்படி!"

"தயவுசெஞ்சு நிறுத்துங்க."

"நிறுத்தினா கத்துவா. நீயே பாரு."

மல்சுக் யானையைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனாள். முதுகுத் துணியைப் பிரித்து, மூடியை நகத்தால் நெம்பி, பேட்டரியை உருவினாள். குழந்தை எப்போது அலறும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

அலறல் வரவில்லை. பாட்டும் நிற்கவில்லை.

மல்சுக் யானையை இரண்டு தட்டுத் தட்டினாள். காதோடு வைத்துப் பார்த்தாள். யானை கம்மென்று இருந்தது. பேட்டரி அவள் உள்ளங்கையில் இருந்தது. அதே பாட்டு, அதே குரல், முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

திரும்பினாள்.

தரையில் குழந்தையின் பக்கத்தில் படுத்துக்கொண்டு ஹாக்யோங் பாடிக்கொண்டிருந்தாள். ஆரினின் கண்கள் தேடுவதை நிறுத்திவிட்டு அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. மல்சுக் பேட்டரியைத் தன் கைப்பைக்குள் போட்டு மூடினாள்.

"கோழி... உனக்குக் காரமா வேணுமா, பூண்டு போட்டதா?"