ஒத்திகைப் பயணம்

“என்ன சார், உங்க கையில காபி கோப்பை தாளம் போடுது? உடம்பு சரியில்லையா?”

பள்ளி வளாகத்தின் ஓரத்தில் இருந்த பெஞ்சில், தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் டார்சி கேட்டாள். அவருக்கு ஐம்பத்தெட்டு வயதிருக்கும். முன்வழுக்கை. மடியில் ஒரு துணிப்பை. கண் முழுக்க எதிரே நின்ற மஞ்சள் பஸ்ஸின் மேலேயே இருந்தது.

“உடம்பு நல்லாத்தாம்மா இருக்கு. மனசுதான் எந்தப் பக்கமா ஓடிப்போகலாம்னு வழி பாக்குது,” என்றார் அவர். “எம்பேரு நார்பர்ட்.”

கோடை விடுமுறையில் பள்ளி வாரியம் நடத்தும் நிகழ்ச்சிகளில் கடைசியாக வருவது இந்த ஒத்திகைப் பயணம். செப்டம்பரில் முதன்முதலாகப் பள்ளி பஸ்ஸில் ஏறப்போகும் ஐந்து வயதுக் குழந்தைகளை ஆகஸ்டிலேயே ஒருநாள் ஏற்றி, ஊரைச் சுற்றிக் கொண்டுவந்து விடுவார்கள். பெற்றோரும் கூடப் போகலாம். போகாமல் இருந்தால் இன்னும் நல்லது என்று அறிவிப்பிலேயே போட்டிருந்தார்கள்.

டார்சியின் மகன் கோல்பி அப்போதே ஏறி, ஜன்னல் கண்ணாடியில் மூக்கை நசுக்கிக்கொண்டிருந்தான்.

“வெட்கப்படாதீங்க சார். நான் உங்களுக்கு மேல,” என்றாள் டார்சி. “ஜூன் மாசம் இவனை இதே ஸ்கூல் நீச்சல் வகுப்புல சேத்தேன். அவன் ஜம்முனு தண்ணில இறங்கிட்டான். கரையில நின்னு நான் போட்ட கூச்சல்ல, மாஸ்டர் என்னைத்தான் வெளிய அனுப்பினாரு. ஜூலைல வாசிப்பு முகாம். என்ன பண்றான்னு ஜன்னல் வழியா எட்டிப் பாத்து, ரோஜாச் செடி மேல விழுந்தேன்.”

நார்பர்ட் சிரித்தார். காபி சட்டையில் சிந்தியது.

“இன்னிக்கு அந்தக் கூத்தெல்லாம் கிடையாது. ஸ்கூல் திறக்கிற அன்னிக்கே எனக்கும் சீஸ் ஃபேக்டரியில வேலை ஆரம்பம். ஏழரைக்கு உள்ள இருக்கணும். இவன் தனியா பஸ்ல போனாத்தான் அந்த வேலை எனக்கு. அதனால நான் ஏறவே மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கேன்.”

சத்தியத்தின் மேல் அவளுக்கே நம்பிக்கை இல்லை. கோல்பி ஒரு சொட்டு கண்ணீர் விட்டாலும் ஓடிப்போய் இறக்கிவிடுவாள். இறக்கினால் வேலை போச்சு.

“உங்களுக்கும் முதல் நாளா சார்?”

“ஆமாம்மா. ரெண்டு வாரமாத் தூக்கமில்ல. கண்ணை மூடினா பஸ் உருண்டு ஏரிக்குள்ள போவுது. என் பொண்டாட்டி கேக்குறா, ‘முப்பது வருஷம் எண்பது மாட்டைக் கட்டி மேச்ச மனுஷன், இந்த வாண்டுங்களுக்கா பயப்படுறே’ன்னு. மாடு என்ன, சீட்டு மேல ஏறி நின்னு கத்துமா?”

“உங்க பிள்ளை எது?”

நார்பர்ட் பஸ் ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். “இன்னிக்கு எல்லாமே என் பிள்ளைங்க மாதிரிதான் தெரியுது. அதான் பயமா இருக்கு.”

என்ன இளகின மனசு என்று டார்சி உருகிப்போனாள். தன்னைவிடப் பெரிய பயந்தாங்கொள்ளி கிடைத்ததில் அவளுக்குத் திடீர் தைரியமும் வந்தது. உபதேசம் செய்ய ஓர் ஆள் அகப்பட்டால் பயம் பாதி குறைந்துவிடும்.

“கவலையே வேண்டாம் சார். டிரைவர் பழம் தின்னு கொட்டை போட்டவரு. முப்பது வருஷ சர்வீஸ். பஸ்ல ஒரு கீறல் விழுந்தது கிடையாது.”

“அப்படியா! உங்களுக்குத் தெரிஞ்சவரா?”

“யாருக்குத் தெரியும்? நேத்து கோல்பி அழுதான். அவனுக்காக நான் அவுத்துவிட்ட கதை அது. சொல்லிச் சொல்லி இப்ப எனக்கே நம்பிக்கை வந்துடுச்சு. பாருங்க, இன்னும் ஆளைக் காணோம். அனுபவஸ்தர்னா அப்படித்தான், நிதானமா வருவாரு.”

நார்பர்ட்டின் முகம் இன்னும் வெளுத்தது.

பஸ் படியில் நின்ற ஒருங்கிணைப்பாளர் ஜூடித், “பத்து மணி ஆச்சு! கிளம்பலாமா?” என்று குரல் கொடுத்தாள்.

நார்பர்ட் எழுந்தார். டார்சி அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

“ஏறாதீங்க!”

“ஏறணும்மா.”

“கூடவே கூடாது. இன்னிக்கு ஏறுனீங்கன்னா அப்புறம் தினமும் ஏறவேண்டியதுதான்.”

“அது... அப்படித்தாம்மா ஏற்பாடு.”

“நல்ல ஏற்பாடு! எத்தனை நாளைக்கு இப்படிக் கூடவே போவீங்க? பிள்ளைங்க தானாப் போய்ப் பழக வேண்டாமா? நானே கல்லு மாதிரி உக்காந்திருக்கேன் பாருங்க. நாம ரெண்டு பேரும் இங்க இருந்தே டாட்டா காட்டுவோம்.”

ஜன்னலில் கோல்பி கையசைத்தான். அவன் அழவில்லை. டார்சியும் பெருமையாகக் கையசைத்தாள். சத்தியத்தைக் காப்பாற்றியாயிற்று, வேலையும் கிடைத்த மாதிரிதான்.

“நீங்க சொல்றது ரொம்பச் சரிம்மா,” என்று நார்பர்ட் மெதுவாகத் தன் கையை விடுவித்துக்கொண்டார். துணிப்பையிலிருந்து ஓர் ஆரஞ்சு நிற மேலங்கியையும் ஒரு சாவியையும் எடுத்தார். “ஆனா நான் ஏறலேன்னா, பஸ்ஸை யாரு ஓட்டுறது?”

அவரை இடித்துத் தள்ளிவிட்டு முந்திக்கொண்டு ஓடி ஏறி, டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் கம்பியைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்த டார்சியைப் பார்த்து கோல்பி சொன்னான்: “பயப்படாம இறங்கிப் போம்மா, அவருக்குத்தான் முப்பது வருஷ சர்வீஸ் ஆச்சே!”