ஒரு முழு நிமிடம்

ராபர்ட்சன்பேட்டை முதலுதவி வகுப்பில் பயிற்சியாளர் மனோகர் தன் கையையே நீட்டினார். எல்லோரும் கால் நிமிடம் நாடி பார்த்து, நான்கால் பெருக்கி, “எழுபத்திரண்டு” என்றார்கள்.

கஸ்தூரி மட்டும், “விட்டு விட்டு அடிக்குது சார்” என்றாள்.

“கட்டை விரல் வெச்சீங்களா? அதுலயே துடிப்பு இருக்கும்மா.”

“இல்ல சார், ரெண்டு விரல்தான். முழு நிமிஷமும் எண்ணிட்டேன். இன்னிக்கே டாக்டரைப் பாருங்க.”

ஈ.சி.ஜி. எடுத்த டாக்டர், “நல்லவேளை, சீக்கிரம் வந்தீங்க” என்றார்.

மறுவாரம் சான்றிதழ் எழுத உட்கார்ந்த மனோகர், பதிவேட்டில் கஸ்தூரியைத் தேடினார்.

“ஏம்மா, பேரு குடுக்கலியா?”

“நான் ஹாலைப் பெருக்குறவ சார். கதவாண்ட நின்னு கேட்டுனு இருந்தேன். நீங்க கையை நீட்டுனீங்க, புடிச்சேன்.”

மனோகர் எழுந்து நின்று, அவள் பெயரை எல்லோருக்கும் மேலே எழுதினார்.